7 மெகாஹெர்ட்ஸ் அமிகா தடையில்லாமல் ஓடியது, 33 மெகாஹெர்ட்ஸ் விண்டோஸ் 3.1 நின்று நின்று போனது ஏன்?

கேள்வி இதுதான். 1985-இல் வந்த கொமடோர் நிறுவனத்தின் அமிகா 1000 கணினியில் இருந்தது 7 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், முன்பக்க அட்டையால் கூட்டிய பிறகு 512 கேபி மெமரி. ஆனாலும் அதில் ஃபிளாப்பி ஃபார்மட் ஆகிக்கொண்டிருக்கும்போதே எடிட்டரில் தட்டச்சு செய்ய முடிந்தது. 1992-இல் வந்த விண்டோஸ் 3.1, 33 மெகாஹெர்ட்ஸ் இன்டெல் 386 பிராசசரில் 4 எம்பி மெமரியோடு ஓடியும், ஃபிளாப்பி சுற்றத் தொடங்கியதும் மணல் கடிகாரத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. வேகமான இயந்திரம் ஏன் திணறியது?

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிடலாம். ஒரு நிரலை நிறுத்தி இன்னொன்றுக்கு மாறுவதே பெரிய செலவு, அதற்கு வேகமான பிராசசர் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அமிகாவின் பிராசசரான மோட்டரோலா 68000-இல் 15 ரெஜிஸ்டர்களை (பிராசசருக்குள் உள்ள தற்காலிக இடங்களை) மெமரியில் சேமிக்க 128 சைக்கிள் (கடிகாரத் துடிப்பு), திரும்ப ஏற்ற 132 சைக்கிள் ஆகும். மொத்தம் 260. 7.16 மெகாஹெர்ட்ஸில் அது ஏறத்தாழ 36 மைக்ரோவினாடி. வினாடிக்கு 50 முறை மாறினாலும் 2 மில்லிவினாடிகூட ஆகாது. அடுத்து எந்த நிரல் என்று முடிவு செய்யும் வேலையையும் சேர்த்து இதை நான்கு மடங்கு ஆக்கிக்கொண்டாலும் மொத்த நேரத்தில் ஒரு சதவீதத்தைத் தொடாது.

அந்தக் காலத்து மல்டிடாஸ்கிங்கின், அதாவது பல நிரல்களைச் சேர்ந்து ஓட்டுவதன் தரத்தை முடிவு செய்தவை வேறு இரண்டு. ஒன்று, ஓடிக்கொண்டிருக்கும் நிரலிடமிருந்து பிராசசரைப் பிடுங்கும் அதிகாரம் இயங்குதளத்துக்கு உண்டா என்பது. இரண்டு, பிடுங்கிய பிறகும் எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டிய பூட்டு எங்கே இருக்கிறது என்பது. முதலாவதைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். உண்மையான வேறுபாடு பெரும்பாலும் இரண்டாவதில்தான் இருந்தது.

அமிகாவின் மையக்கரு, அதாவது நிரல்களுக்கு நேரத்தைப் பங்கிடும் உள்பகுதி, எக்செக். எழுதியவர் கார்ல் சாஸன்ராத். ஒவ்வொரு டாஸ்க்குக்கும் (ஓடும் வேலைக்கும்) -128 முதல் 127 வரை ஒரு முன்னுரிமை எண். தயாராக இருப்பவற்றில் எண் உயர்ந்ததுதான் ஓடும், ஒரே எண் உள்ளவை முறை வைத்து ஓடும். கீபோர்டையும் மவுஸையும் கவனிக்கும் இன்புட் டிவைஸ் 20-இல் இருக்கிறது, சாதாரண நிரல்கள் 0-வில். ஆகவே பின்னால் எவ்வளவு கனமான கணக்கு நடந்தாலும் விசை அழுத்தியதும் இன்புட் டிவைஸ் குறுக்கே வந்து வேலையை முடித்துவிட்டுப் போகும். சாளரத்தை நகர்த்துவதும், பொத்தான் அழுந்தியதாகக் காட்டுவதும் இந்த 20-ஆம் படியிலேயே நடக்கின்றன. நிரல் பதில் சொல்லாவிட்டாலும் அதன் சாளரத்தை இழுத்து ஓரமாக வைக்க முடிந்ததற்குக் காரணம் இதுதான்.

ஃபிளாப்பி விஷயத்தில் வேலை இன்னும் சுத்தம். அமிகா ஒரு டிராக்கை முழுதாகப் படிக்கும்: 11 செக்டர், 5,632 பைட். தட்டு ஒரு சுற்று சுற்ற 200 மில்லிவினாடி. அந்த நேரம் முழுக்க டிஎம்ஏ (பிராசசர் உதவியின்றித் தரவை நகர்த்தும் வன்பொருள்) தானாகத் தரவை மெமரியில் இறக்கிக்கொண்டிருக்கும். ஃபிளாப்பி டாஸ்க் ஒரு சிக்னலுக்காகத் தூங்கிக்கொண்டிருக்கும், பிராசசர் வேறு நிரலுக்குப் போய்விடும். அந்த 200 மில்லிவினாடியை யாரும் சும்மா எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை.

அமிகாவிலும் பூட்டுகள் உண்டு, அவற்றையும் சொல்ல வேண்டும். வலது பொத்தானை அழுத்தி மெனுவைத் திறந்து வைத்திருக்கும்வரை அந்தத் திரையில் வேறு எந்த நிரலும் வரைய முடியாது. கணக்கு ஓடும், வரைதல் நிற்கும். ஒரே ஃபிளாப்பியிலிருந்து இரண்டு நிரல்கள் படித்தால் ஹெட் அங்கும் இங்கும் ஓடியே நேரம் போய்விடும். அப்போது ஒன்றன்பின் ஒன்றாகப் படிப்பதைவிட இரண்டும் சேர்ந்து பல மடங்கு நேரம் எடுக்கும். மூன்றாவது, பலர் கவனிக்காதது: திரையின் நிறங்கள். 640 புள்ளி அகலத் திரையில் 4 நிறம் என்றால் பிராசசருக்கு இடையூறு இல்லை, ஏனென்றால் திரைச் சிப்பும் 68000-உம் ஒன்றுவிட்டு ஒன்றாக மெமரியைத் தொடுகின்றன. அதே அகலத்தில் 16 நிறம் வைத்தால், வரி வரையப்படும் நேரத்தில் சிப் மெமரியின் (திரைச் சிப்பும் பிராசசரும் பகிரும் மெமரியின்) எல்லா முறைகளையும் திரையே எடுத்துக்கொள்ளும். பிராசசருக்குக் கிடைப்பது வரிகளுக்கும் திரைச் சட்டங்களுக்கும் (ஃபிரேம்) இடைப்பட்ட நேரம் மட்டும். பிராசசருக்கு மட்டுமேயான ஃபாஸ்ட் மெமரி இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. பின்னால் வந்த அமிகா 500-இன் அடிமூடிக்குள் செருகும் 512 கேபி அட்டையை நம்பி ஏமாற வேண்டாம்: அந்த மெமரியைச் சிப்புகள் பயன்படுத்த முடியாது, ஆனால் அதே பஸ்ஸில் இருப்பதால் வேகமும் கிடைக்காது. இரண்டு பக்க நட்டமும் அதற்கு உண்டு.

இத்தனை சரளத்துக்குக் கொடுத்த விலை பாதுகாப்பு. எக்செக்கில் ஒரு நிரல் இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பினால் தரவு நகலெடுக்கப்படுவதில்லை, முகவரி மட்டும் கைமாறுகிறது. அதனால்தான் அவ்வளவு வேகம். ஆனால் 68000-இல் மெமரியைப் பிரித்துக் காக்கும் எம்எம்யு இல்லை. ஒரு நிரல் தவறான முகவரியில் எழுதினால் மொத்த இயந்திரமும் 'குரு மெடிடேஷன்' என்ற பிழைப் பலகையோடு நின்றுவிடும். ஒரே நேரத்தில் ஐந்து நிரல் ஓட்டுகிறவருக்கு இது ஐந்து மடங்கு ஆபத்து.

ஆப்பிளின் மேக்கின்டோஷ் (மேக்) போன பாதை வேறு. 1984-இல் வந்த மேக் ஒரு நேரத்தில் ஒரு நிரலுக்கென்றே கட்டப்பட்டது. 1987-இல் பல நிரல்களைச் சேர்த்துத் திறக்கவிடும் மல்டிஃபைண்டர் வந்தது, 1991-இல் சிஸ்டம் 7 அதை நிரந்தரமாக்கியது. இது கோஆபரேட்டிவ் முறை: நிரல் தானாக வெயிட்நெக்ஸ்ட்ஈவென்ட் என்ற அழைப்பைச் செய்தால்தான் அடுத்தவருக்கு முறை வரும். அந்த அழைப்பில் எத்தனை டிக் தூங்கலாம் என்ற எண் இருக்கிறது, ஒரு டிக் ஏறத்தாழ வினாடியில் 60-இல் ஒரு பங்கு. நல்ல நிரல் வேலை இல்லாதபோது பெரிய எண் கொடுக்கும், மோசமானது 0 கொடுத்து ஓயாமல் எழும்பி எல்லோரையும் மெதுவாக்கும்.

மெனுவைப் பிடித்துக்கொண்டிருக்கும்வரை மெனுசெலக்ட் என்ற அழைப்பு திரும்பி வராது, அதுவரை பின்னணி நிரல் எதற்கும் நேரம் கிடையாது. இதனால் என்ன கெடும்? மோடத்தில் 2,400 பிபிஎஸ் (வினாடிக்கு இத்தனை பிட்) வேகத்தில் கோப்பு இறங்குகிறது என்று வையுங்கள், வினாடிக்கு 240 எழுத்து. மோடம் இணைந்த சீரியல் போர்ட்டின் டிரைவர், இன்டரப்ட் (பிராசசரைக் குறுக்கிட்டு அழைக்கும் வன்பொருள் சைகை) மூலம் எழுத்துகளை வாங்கிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் அதன் தொடக்க பஃபர் (தற்காலிகச் சேமிப்பிடம்) 64 பைட். 0.27 வினாடியில் நிரம்பிவிடும். மெனுவை ஒரு வினாடி பிடித்தாலே எழுத்துகள் விழுந்துபோகும். நல்ல தகவல்தொடர்பு நிரல்கள் தொடங்கும்போதே செர்செட்பஃப் அழைப்பால் பஃபரைப் பல கேபி ஆக்கிக்கொண்டதும், 'கொஞ்சம் நிறுத்து' என்று மோடத்துக்குச் சொல்லும் ஹாண்ட்ஷேக் கம்பியுள்ள கேபிளை வலியுறுத்தியதும் இதற்காகத்தான்.

மேக்கில் இன்னொரு சிக்கல் மெமரித் துண்டாடல். ஒவ்வொரு நிரலும் தொடங்கும்போதே கெட் இன்ஃபோ சாளரத்தில் குறித்த அளவை ஒரே தொடர்ச்சியான இடமாகக் கேட்கும். மூன்று நிரல் திறந்து நடுவிலுள்ளதை மூடினால் நடுவில் ஒரு குழி விழும். மொத்தக் காலியிடம் 1.5 எம்பி இருந்தும் 1 எம்பி கேட்கும் நிரல் திறக்காமல் போவது இப்படித்தான். 'அபவுட் திஸ் மேக்கின்டோஷ்' சாளரத்தில் பார்க்க வேண்டியது மொத்த மெமரியை அல்ல, மிகப்பெரிய காலித் துண்டை. எப்போதும் திறந்தே இருக்கும் நிரல்களை முதலில் திறந்துகொண்டால் குழிகள் குறையும்.

இனி விண்டோஸ் 3.1. இதைப் பற்றித்தான் அதிகத் தவறான செய்திகள் உலவுகின்றன. "விண்டோஸ் 3.1 கோஆபரேட்டிவ்" என்பது பாதி உண்மை. 386 என்ஹான்ஸ்டு முறையில் அடியில் இருப்பது நல்ல பிரீஎம்ப்டிவ் (பிராசசரைப் பிடுங்கும் அதிகாரமுள்ள) மையக்கரு. அது 386-இன் விர்ச்சுவல் 8086 முறையைப் பயன்படுத்தி ஒவ்வொரு டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய, அதற்கு அடியிலும் இருந்த இயங்குதளம்) சாளரத்தையும் தனித்தனி விர்ச்சுவல் மெஷினாக, அதாவது தனிக் கணினிபோல ஓட்டுகிறது, கடிகாரம் அடித்ததும் பிராசசரைப் பிடுங்குகிறது. ஆனால் விண்டோஸ் நிரல்கள் எல்லாம் சேர்ந்து ஒரே விர்ச்சுவல் மெஷின். அதற்குள்தான் கோஆபரேட்டிவ் முறை. ஒரு விரிதாள், முறையை விட்டுக்கொடுக்கும் கெட்மெசேஜ் அழைப்பைச் செய்யாமல் கணக்குப் போட்டால் மற்ற விண்டோஸ் நிரல்கள் எல்லாம் உறையும், அதே நேரத்தில் டாஸ் சாளரத்தில் ஓடும் கம்பைலர் நிற்காமல் போகும். பழைய டாஸ் நிரலுக்குக் கிடைத்த நியாயம் புதிய விண்டோஸ் நிரலுக்குக் கிடைக்கவில்லை.

நேரம் எப்படிப் பங்கிடப்படுகிறது? சிஸ்டம்.ஐஎன்ஐ கோப்பின் 386என்ஹ் பகுதியில் மின்டைம்ஸ்லைஸ் 20 மில்லிவினாடி, வின்டைம்ஸ்லைஸ் 100,50 (விண்டோஸ் முன்னால் இருந்தால் 100, பின்னால் இருந்தால் 50). டாஸ் நிரல்களுக்கு, அவற்றின் அமைப்புகளை மாற்றும் பிஐஎஃப் எடிட்டரில், முன்னணி 100, பின்னணி 50. இவை சதவீதமல்ல, எடைகள். முன்னால் ஒரு டாஸ் நிரல், பின்னால் விண்டோஸ் என்றால் 150-இல் 100, மூன்றில் இரண்டு பங்கு டாஸுக்கு. பின்னால் இன்னொரு டாஸ் சாளரமும் சேர்ந்தால் 200-இல் 100, பாதி. பின்னணி டாஸ் நிரலைக் கொஞ்சம் விரைவுபடுத்த அதன் பின்னணி எண்ணை 50-இலிருந்து 100 ஆக்கலாம். மின்டைம்ஸ்லைஸைக் குறைத்தால் அசைவு மென்மையாகும், மாற்றங்களின் எண்ணிக்கை கூடுவதால் மொத்த வேலை குறையும். பெரும்பாலான இயந்திரங்களில் 20-ஐத் தொடாமல் விடுவதே நல்லது.

அதைவிட முக்கியம், பிஐஎஃப் எடிட்டரின் எக்ஸிக்யூஷன் வரிசையில் உள்ள 'பேக்கிரவுண்ட்' பெட்டி. அதில் குறி இல்லாவிட்டால், வேறு சாளரத்துக்கு மாறிய அந்த நொடியில் டாஸ் நிரல் முழுதாக நின்றுவிடும். மெதுவாகிறது என்பதல்ல, ஓடவே ஓடாது. பக்கத்தில் உள்ள 'எக்ஸ்க்ளூசிவ்' அதற்கு நேர்மாறு: அந்த நிரல் முன்னால் இருக்கும்வரை மற்ற டாஸ் சாளரங்களுக்கு எதுவும் இல்லை. அட்வான்ஸ்டு பக்கத்தில் 'டிடெக்ட் ஐடில் டைம்' குறியை வைத்திருங்கள். டாஸ் நிரல்கள் விசைக்காகக் காத்திருக்கும்போதுகூடக் கீபோர்டை ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும், பார்ப்பதற்கு வேலை செய்வதுபோலவே தோன்றும். இந்தக் குறி அந்தச் சும்மா சுற்றலைக் கண்டுபிடித்து நேரத்தை மீட்கிறது. சில நிரல்களில் அது தவறாகக் கணித்து ஓடும் வேலையை மெதுவாக்கும், அந்த நிரலுக்கு மட்டும் எடுத்துவிடுங்கள். டாஸ் நிரலை நீங்களே எழுதினால் இன்னும் நேரான வழி உண்டு: காத்திருக்கும் சுழற்சிக்குள் ஏஎக்ஸில் 1680 ஹெக்ஸ் வைத்து 2எஃப் இன்டரப்ட் அழைத்தால், மீதி நேரத்தை விட்டுக்கொடுப்பதாக அர்த்தம். விண்டோஸ் நிரலிலும் இதே கவனம் தேவை. வேலை இல்லாதபோது பீக்மெசேஜ் சுழற்சியில் சுற்றினால் விண்டோஸ் விர்ச்சுவல் மெஷின் ஓய்வாக இருப்பதாக மையக்கருவுக்குத் தெரியாது, டாஸ் சாளரங்களின் பங்கு வீணாகும். கெட்மெசேஜ் அல்லது வெயிட்மெசேஜில் தூங்க வேண்டும்.

இப்போது ஃபிளாப்பிக்கு வருவோம். விண்டோஸ் 3.1-இல் வட்டு வேலை டாஸ் வழியாக பயோஸுக்கு (கணினியின் ரோமில் உள்ள அடிப்படை நிரலுக்கு) போகிறது. டாஸ் ஒரே நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும், உள்ளே ஒருவர் இருக்கும்போது இன்னொருவர் நுழைந்தால் அதன் அகத் தரவுகள் சிதைந்துவிடும். ஆகவே ஒரு விர்ச்சுவல் மெஷின் டாஸுக்குள் இருக்கும்போது மற்றது கோப்பைத் தொட்டால் காத்திருக்க வேண்டும். அதோடு பயோஸ், கன்ட்ரோலர் முடிக்கும்வரை ஒரு சுழற்சியில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு டிராக்கை ஃபார்மட் செய்து சரிபார்க்கக் குறைந்தது இரண்டு சுற்று, அதாவது 0.4 வினாடி. 1.44 எம்பி ஃபிளாப்பிக்கு இருபக்கமும் சேர்த்து 160 டிராக். ஃபைல் மேனேஜர் விண்டோஸ் நிரல் என்பதால், ஒவ்வொரு டிராக்கின்போதும் மற்ற விண்டோஸ் நிரல்கள் எல்லாம் அதன் பின்னால் நிற்கும். பிராசசரை 66 மெகாஹெர்ட்ஸ் ஆக்கினாலும் தட்டு நிமிடத்துக்கு 300 சுற்றுதான். தொடக்கத்தில் கேட்ட வேறுபாட்டின் முழுக் காரணம் இதுவே.

மவுஸ் அம்பு அசைவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். விண்டோஸில் அம்பை வரைவது மவுஸ் டிரைவரின் இன்டரப்ட் வழியில், மற்ற எல்லாம் உறைந்தாலும் அது அசையும். அமிகாவில் அது வன்பொருள் ஸ்பிரைட், அதாவது திரைச் சிப்பே தனியாகக் காட்டும் படம்.

சீரியல் போர்ட் இன்னொரு பொறி. அதை இயக்கும் 8250, 16450 சிப்புகளில் வரும் எழுத்துக்கு ஒரே ஒரு பைட் இடம். 9,600 பிபிஎஸ்ஸில் 1.04 மில்லிவினாடிக்கு ஒரு எழுத்து, அதற்குள் எடுக்காவிட்டால் அடுத்தது அதன்மேல் விழும். தனி டாஸில் இது எளிது. 386 என்ஹான்ஸ்டு முறையில் இன்டரப்ட் முதலில் மையக்கருவுக்குப் போய், அங்கிருந்து உரிய விர்ச்சுவல் மெஷினுக்கு வர வேண்டும், அது அப்போது உறங்கிக்கொண்டிருந்தால் எழுப்பவும் வேண்டும். அதை 16 பைட் ஃபிஃபோ (வரும் எழுத்துகளை வரிசையாக வைக்கும் இடம்) கொண்ட 16550ஏ சிப்பாக மாற்றிவிட்டு, சிஸ்டம்.ஐஎன்ஐயில் காம்1ஃபிஃபோ வரி இயங்கு நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். பிராசசரை மாற்றுவதைவிடப் பல மடங்கு மலிவான, பல மடங்கு பயனுள்ள மாற்றம் இது.

பல மோடம்களோடு புல்லட்டின் போர்டு (தொலைபேசி வழியாகப் பிறர் இணையும் செய்திப் பலகை) நடத்தியவர்களில் பலர் விண்டோஸை விட்டுவிட்டு குவார்ட்டர்டெக் நிறுவனத்தின் டெஸ்க்வியூவையும் (டாஸ் நிரல்களைச் சேர்ந்து ஓட்டும் மென்பொருள்) கியூஇஎம்எம்மையும் (மெமரி நிர்வாகி) வைத்துக்கொண்டார்கள். வரைகலை இல்லாததால் சுமை குறைவு. டெஸ்க்வியூவின் நேரப் பங்கீடு பிசியின் கடிகார டிக்குகளில், வினாடிக்கு 18.2, ஒன்று 55 மில்லிவினாடி. 8088 இயந்திரத்திலும் அது ஓடியது. மதர்போர்டு மெமரியை 256 கேபியோடு நிறுத்தி, மேல் பகுதியை இஎம்எஸ் 4.0 (கூடுதல் மெமரிக்கான தரம்) அட்டையால் நிரப்பினால், நிரல்களை நகலெடுக்காமல் பக்க ரெஜிஸ்டரை மாற்றியே தாவ முடிந்தது. அந்தக் காலத்துக்கு அது மிக அழகான உத்தி.

ஐபிஎம்மும் மைக்ரோசாஃப்ட்டும் தொடங்கிய ஓஎஸ்/2 இயங்குதளத்தின் கதை, பிரீஎம்ப்டிவ் மட்டும் போதாது என்பதற்குச் சான்று. 1987-இன் 1.0 பதிப்பு 286-க்கு எழுதப்பட்டது. 286-இல் (386-க்கு முந்தைய பிராசசர்) மெமரியைக் காக்கும் புரொடெக்டட் முறையிலிருந்து, டாஸ் ஓடும் ரியல் முறைக்குத் திரும்பக் கட்டளை கிடையாது, பிராசசரையே ரீசெட் செய்ய வேண்டும். அதனால் ஒரே ஒரு டாஸ் பெட்டி, பின்னால் போனால் அதுவும் உறைந்துவிடும். 1992-இன் 2.0 பதிப்பு 386-இல் இதைத் தீர்த்தது. நூல்களுக்கு (திரெட், ஒரு நிரலுக்குள் தனித்தனியாக ஓடும் வேலைகள்) நான்கு முன்னுரிமை வகுப்புகள், ஒவ்வொன்றிலும் 32 படிகள். நேரமே கிடைக்காத நூலுக்கு, கான்ஃபிக்.சிஸ் கோப்பின் மேக்ஸ்வெயிட் வரி சொல்லும் வினாடிகளுக்குப் பிறகு, வழக்கமாக 3, தற்காலிக உயர்வு கிடைக்கும். அமிகாவின் கண்டிப்பான முன்னுரிமையில் இல்லாத நல்ல ஏற்பாடு. ஆனால் திரையில் விசைகளும் சொடுக்குகளும் ஒரே ஒரு வரிசையில் வந்தன. ஒரு நிரல் தன் செய்தியை எடுக்காமல் விட்டால் அதற்குப் பின்னுள்ள எல்லாமும் தேங்கும். பின்னணியில் பதிவிறக்கம் நடந்துகொண்டே இருக்கும், நீங்கள் மட்டும் எதையும் தொட முடியாது. மையக்கரு மிகச் சிறந்தது, பூட்டு வாசலில் இருந்தது.

1995-இல் விண்டோஸ் 95 பிடுங்கும் அதிகாரத்தை 32 பிட் நிரல்களுக்கும் கொடுத்தது. வரைதல் குறியீட்டின் பெரும்பகுதி 16 பிட்டாகவே இருந்ததால் வின்16மியூடெக்ஸ் என்ற பூட்டை வைத்தார்கள். பழைய 16 பிட் நிரல் அதைப் பிடித்துக்கொண்டு விடாவிட்டால் புதிய நிரல்களும் வரைய முடியாமல் நிற்கும்.

மெமரியைப் பற்றியும் கொஞ்சம். ஓஎஸ்/2 2.0-க்கு 4 எம்பி போதும் என்று பெட்டியில் இருந்தாலும் 8 எம்பி இல்லாமல் அதை மதிப்பிடுவது நியாயமில்லை. 4 எம்பியில் வட்டு விளக்கு அணையாமல் ஸ்வாப் (மெமரி போதாதபோது அதிலுள்ளதை வட்டில் வைத்து எடுப்பது) நடந்துகொண்டே இருக்கும். விண்டோஸ் 3.1-இல் கன்ட்ரோல் பேனல், 386 என்ஹான்ஸ்டு, விர்ச்சுவல் மெமரி, சேஞ்ச் என்று போய் ஸ்வாப் கோப்பைப் 'பெர்மனென்ட்' ஆக்குங்கள். அதற்குத் தொடர்ச்சியான காலியிடம் வேண்டும், முன்னதாக, சிதறிய கோப்புகளை ஒன்றுசேர்க்கும் டிஃபிராக் ஓட்டிவிடுங்கள். ஹார்ட் டிஸ்க் கன்ட்ரோலர் டபிள்யூடி1003 வகையோடு ஒத்துப்போனால் 32 பிட் டிஸ்க் ஆக்சஸையும் போடுங்கள், ஸ்வாப் வேலை பயோஸைச் சுற்றிக்கொண்டு போகும். வட்டைத் தானாக நிறுத்தி மின்சாரம் சேமிக்கும் லேப்டாப்பில் போட வேண்டாம், தரவு கெடலாம்.

இவற்றை இன்று சோதிக்க விரும்பினால், பழைய கணினியை மென்பொருளால் பாவிக்கும் எமுலேட்டர் வேண்டும், ஆனால் டாஸ்பாக்ஸ் உதவாது. அதில் இணைத்த கோப்புறை பயோஸையும் வட்டையும் தொடாமலே உடனடியாகப் பதில் தருகிறது, ஆக நாம் தேடும் காத்திருப்பே இருக்காது. 386-க்கு 86பாக்ஸ் எமுலேட்டர், அமிகாவுக்கு சைக்கிள் எக்ஸாக்ட் (துடிப்புக்குத் துடிப்பு துல்லியமான) முறையில் வின்யுஏஇ எமுலேட்டர், ஃபிளாப்பி வேகம் 100 சதவீதம். சும்மா எண்ணும் ஒரு நிரலைத் தனியாக ஓடவிட்டு ஒரு நிமிடத்தில் எவ்வளவு எண்ணுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஃபிளாப்பியை ஃபார்மட் செய்துகொண்டே அதை ஓட்டி, அதே நேரத்தில் எடிட்டரில் தட்டச்சு செய்யுங்கள். எண்ணிக்கை குறைந்தால் பிராசசர் நேரம் வீணாகிறது. எண்ணிக்கை குறையாமல் எழுத்து மட்டும் தாமதித்தால் பூட்டு வேறெங்கோ இருக்கிறது. அமிகாவில் எண்ணும் நிரலைத் தொடங்கும் ஷெல்லில் (கட்டளைச் சாளரத்தில்) முதலில் முன்னுரிமையைக் குறைக்கும் சேஞ்ச்டாஸ்க்பிரி -1 கட்டளையைக் கொடுங்கள், அது மீதி நேரத்தில் மட்டும் ஓடும். -5 முதல் 5 வரையுள்ள எல்லையைத் தாண்ட வேண்டாம். 20-க்கு மேல் ஏற்றிய எண்ணும் நிரல் இன்புட் டிவைஸையே பட்டினி போடும், அப்புறம் அதை நிறுத்தச் சொல்லும் விசைகூட உள்ளே போகாது.